என்னுடைய ஐந்தாவது ஃபவுல்

சென்ற மாதம் எங்கள் பழைய மைதானத்தில் ஒரு கூடைப்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். எனக்குக் கதிரை போட்டுத் தந்தார்கள், சோடா தந்தார்கள், வயதானவர்களுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தார்கள். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் நடுவர் விசில் ஊதினார். ஃபவுல். நான் வழக்கப்படி யாருடைய கை உயர்கிறது என்று பார்த்தேன். ஒரு கையும் உயரவில்லை. நடுவர் மேசைப் பக்கம் திரும்பி விரல்களால் இலக்கத்தைக் காட்டினார், பையன்கள் அவர்கள் பாட்டுக்கு நடந்து போனார்கள்.

பக்கத்தில் இருந்த இளம் கேப்டனிடம், "அவன் ஏன் கை தூக்கல்ல?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அந்தக் காலம் அங்கிள். இப்ப யாரும் கை தூக்கத் தேவல்ல. ரெபரியே நம்பரக் காட்டுவாரு" என்றான்.

போட்டி முடிந்ததும் அவர்கள் தங்கள் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். நீங்கள் வென்ற ஆட்டம் ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் இதை அச்சிடுவதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ளும்படி மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். நம் ஊரில் அப்படி ஒரு உத்தியோகம் இருந்தது என்பதை இன்றைய பையன்கள் நம்புவதில்லை. பாடசாலையில் கற்றுக்கொண்டேன், கண்டியில் இரண்டு வருடம் ஆடினேன், உயரமும் கொஞ்சம் கூடுதல். அதைப் பார்த்து மாத்தளையில் மிளகும் கொக்கோவும் ஏலமும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற ஒரு கம்பனி என்னை எடுத்தது. நியமனக் கடிதத்தில் ஸ்டோர் கிளாக்கர் என்று போட்டிருந்தார்கள். உண்மையான வேலை பின்னேரம் நாலு மணிக்குத்தான் தொடங்கும். கம்பனிகளுக்கு இடையே நடந்த போட்டிகளில் கேடயம் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். எங்கள் வாப்பாவுக்குக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. நான் கடிதத்தைக் காட்டியபோது, "பந்தத் தட்டுறத்துக்குச் சம்பளம் குடுக்கிற பைத்தியக்காரனும் ஈக்கானா ஒலகத்துல?" என்று சிரித்தார். முதல் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

எங்களைப் பயிற்றுவித்தவர் சால்டின் மாஸ்டர். மலாய்க்காரர், பட்டாளத்தில் சார்ஜன்ட்டாக இருந்து வந்தவர். குள்ளமான மனிதர். மீசையை ஒரு மயிர்கூட வெளியே நீட்டாமல் வெட்டியிருப்பார். எங்களோடு தமிழில் பேசுவார், திட்டுவது சிங்களத்தில், நிரம்பக் கோபம் வந்தால் மலாயில் முணுமுணுப்பார். மழை நனைத்த தோல் பந்தை வெயிலில் வைக்க விடமாட்டார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தன் அறை அலுமாரிக்குள் வைத்து மூன்று நாள் காயப்போடுவார். அந்த மூன்று நாளும் பந்தில்லாமல் ஓட விடுவார். ஓடும்போது அவர் சைக்கிளில் பின்னால் வருவார், ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அவர் பேசாமல் வருவதுதான் எங்களுக்குப் பயம்.

அவருடைய சட்டங்களில் மிகக் கடுமையானது கை பற்றியது. அந்நாட்களில் ஃபவுல் செய்தவன் தானே மேசையைப் பார்த்துத் திரும்பிக் கையை உயர்த்த வேண்டும். மேசையில் இருப்பவர் அவன் இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார். ஐந்து எழுதிவிட்டால் அவன் வெளியே போய் வாங்குப் பலகையில் உட்காரவேண்டியதுதான், அந்த ஆட்டம் அவனுக்கு முடிந்தது. பயிற்சியில் விசில் ஊதியதும் மாஸ்டர் சிங்களத்தில் எண்ணத் தொடங்குவார். "எக்காய்... தெக்காய்... துனாய்!" மூன்று என்பதற்குள் ஒரு கை உயரவேண்டும். உயராவிட்டால் அணி முழுவதும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டும். யார் செய்தது என்று அவர் கேட்கமாட்டார். "பிழ செய்யிறது மனுசன். மறைக்கிறது கூட்டம். நான் கூட்டத்துக்குத்தான் தண்டன குடுக்கிறேன்" என்பார். இது நேர்மையைப் பழக்குகிற முறை என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். அது வேறொன்றையும் பழக்கியது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

வேலாயுதம் எங்களிடம் வந்தது மிளகுக் காலத்தில். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தில் வேலைக்கு அவன் பேரைப் பதியவில்லை என்பதால் டவுனுக்கு இறங்கி, எங்கள் ஸ்டோரில் நாட்கூலிக்கு மூடை தூக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாஸ்டர் ஸ்டோருக்குள் வந்தபோது, ஏணி வைத்து ஏற்றவேண்டிய மேல் அடுக்குக்கு அவன் நின்ற இடத்திலிருந்தே ஒரு மூடையைத் தள்ளி ஏற்றுவதைப் பார்த்தார். அன்று பின்னேரமே அவன் மைதானத்தில் நின்றான். காலில் சப்பாத்து இல்லை. கடைத்தெருவில் அவன் அளவுக்குக் கென்வஸ் சப்பாத்து கிடைக்காமல் கொழும்பிலிருந்து வரவழைத்தார்கள். ஆறு மாதத்தில், வளையத்துக்குக் கீழே அவனைத் தாண்டிப் பந்து எடுக்கக்கூடியவன் கண்டியிலும் இல்லை என்று ஆனது.

எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை அவன் நானா என்று கூப்பிடுவான். ஸ்டோரில் நான் கிளாக்கர், அவன் கூலியாள், மைதானத்தில் நான் கேப்டன். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு சொல்லை அவன் கண்டுபிடித்துக்கொண்டான். எனக்கும் அவன் மேல் பிரியம் இருந்தது. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் எழுதப்போவது ஒரு எதிரி செய்த காரியம் மாதிரித் தோன்றும். எதிரி செய்திருந்தால் இவ்வளவு கனத்திருக்காது.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பயிற்சியில் யார் ஃபவுல் செய்தாலும், கொஞ்சம் தாமதமானால் அவன் கை உயர்ந்துவிடும். மாஸ்டர் இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"டேய், நீ அந்தப் பக்கம் நின்டாய். எப்பிடி உன்ட கை பட்டிச்சி?"

"படல்லீங்க மாஸ்டர்."

"பின்ன என்னத்துக்குத் தூக்கினாய்?"

"பழக்கமாயிருச்சிங்க. பெரட்டுல எங்கப்பா அப்படித்தான் செய்வாரு."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். யாராவது கொப்பை முறித்துவிட்டாலோ கொழுந்தைக் கொட்டிவிட்டாலோ, கணக்கப்பிள்ளை யார் என்று கேட்பாராம். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் எல்லாரையும் அப்படியே நிறுத்திவைப்பார். மலைக்குப் பிந்திப் போனால் முழுக் கூட்டத்துக்கும் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. பிள்ளைகள் உள்ள பெண்கள் அழத் தொடங்குவார்களாம். அப்போது வேலாயுதத்தின் அப்பா மாணிக்கம் கையைத் தூக்கிவிடுவார். அவர் செய்யாத குற்றத்துக்கு அவருக்கு மட்டும் கூலி வெட்டு. மற்றவர்கள் மலைக்குப் போவார்கள்.

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டே, "இது தோட்டம் இல்ல. உன்ட பிழைக்கு மட்டும் கை தூக்கு" என்றார். ஆனால் மூன்று எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

வேலாயுதம் இந்த மண்ணில் பிறந்தவன், அவன் அப்பாவும் இங்கேதான் பிறந்தவர். ஆனாலும் அவர்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் அல்ல. அப்போது இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஒப்பந்தம் செய்து, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று ஆட்களைப் பங்கிட்டிருந்தார்கள். மாணிக்கம் பயந்துபோய் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். வேலாயுதம் இங்கேயே இருக்க மனுப் போட்டிருந்தான். நிரந்தர வேலை, டவுனில் ஒரு விலாசம், கம்பனி துரையின் கையெழுத்தோடு ஒரு கடிதம், இவை இருந்தால் மனுவுக்குப் பலம் என்று சட்டம் படித்த ஒரு புரொக்டர் அவனுக்குச் சொல்லியிருந்தார். மகன் இங்கே நின்றால் தானும் எப்படியாவது நின்றுவிடலாம் என்று அப்பாவுக்கும் நினைப்பு.

மாஸ்டர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இவனை நிரந்தரமாக எடுங்கள், பத்து வருடத்துக்குக் கேடயம் நமக்குத்தான் என்று. பெரிய துரை, வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த சிங்களவர், இறுதிப் போட்டியை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பதில் எழுதினார். ஆக, அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் எங்களுக்குக் கேடயம், அவனுக்கு நாடு. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. நாட்டு அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற குழுவில் அந்தத் துரையும் ஒருவர். என் பெயர் பட்டியலில் இருப்பதாகக் கேள்வி.

எதிரணி கண்டியிலிருந்து வந்தது. நல்ல அணி. வேலாயுதம் முதல் பாதியில் அவர்களை வளையத்துக்குக் கீழே நிற்கவே விடவில்லை. துரை இரண்டு தரம் எழுந்து நின்று கைதட்டியதை நான் பார்த்தேன். இரண்டாம் பாதியில் மழைத் தூறலில் தரை வழுக்கியது, ஃபவுல்கள் கூடின. கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். எனக்கு நான்கு ஃபவுல். வேலாயுதத்துக்கும் நான்கு.

அவர்களுடைய நெட்டையன் ஒருவன் வளையத்துக்குக் கீழே எழும்பினான். நானும் வேலாயுதமும் இருபுறமும் எழும்பினோம். என் வலது கை நெட்டையனின் முன்கையில் அடித்தது. பட்டதா இல்லையா என்று யோசிக்கிற மாதிரி அல்ல, சத்தம் கேட்கிற மாதிரி அடித்தது. விசில் ஊதியது.

நடுவர் கம்பத்துக்குப் பின்புறம் நின்றார். அடி விழுந்ததைக் கண்டார், யார் அடித்தது என்று காணவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கை உயரட்டும் என்று காத்திருந்தார்.

நான் கையை உயர்த்தவில்லை. மறந்துவிட்டேன், திகைத்துவிட்டேன் என்றெல்லாம் பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. இப்போது வெளியே போனால் துரை கடைசியாகப் பார்ப்பது நான் வாங்கில் உட்கார்ந்திருப்பதை என்ற கணக்கு என் தலைக்குள் தெளிவாக ஓடியது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறவன் போல நின்றேன்.

மாஸ்டர் வாய் திறக்கவில்லை, அது போட்டி, எண்ணுவதற்கு இடமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை எங்கள் எல்லாருடைய காதிலும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற இடத்தில் வேலாயுதத்தின் கை உயர்ந்தது. மேசையைப் பார்த்துத் திரும்பி, முதுகை நிமிர்த்தி, மாஸ்டர் பழக்கியபடியே நின்றான். ஒன்பதாம் இலக்கம், ஐந்தாவது ஃபவுல். அவன் வெளியே போய்த் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தான்.

நெட்டையன் ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிதலையும் போட்டான். புள்ளி சமமாகிவிட்டது. பிறகு நான் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிக் கடைசிக் கூடையைப் போட்டேன். வென்றோம். என்னைத் தூக்கினார்கள். பையன்களே, நீங்கள் கேட்ட வெற்றி அதுதான்.

ஸ்டோர் மேல்மாடியில் தேநீர் வைத்திருந்தார்கள். உத்தியோகத்தர்களுக்கு மட்டும். நாட்கூலிக்காரன் என்பதால் வேலாயுதம் கீழே நின்று பந்துகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். துரை என் தோளில் தட்டி, கடைசிக் கூடையைப் புகழ்ந்தார். பிறகு கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்த உயரமான ஆள் திறமைசாலிதான். ஆனால் முக்கியமான நேரத்தில் நிதானம் தவறிவிட்டானே. எப்போதும் இப்படித்தானா? நீ கேப்டன், நீ சொல்."

இல்லை, சேர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் அந்த ஃபவுல் எப்படி வந்தது என்பார். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

"சில நேரங்களில், சேர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேறு ஒருவரிடம் பேசப் போய்விட்டார். இவ்வளவுதான் நடந்தது. இரண்டு சொல், ஒரு சேர். அடித்த கையைக்கூட விளையாட்டின் வேகம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்தச் சொல்லுக்கு எந்த வேகமும் இல்லை. கையில் தேநீர்க் கோப்பையோடு, உட்கார்ந்து, யோசித்துச் சொன்னது.

மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. மாஸ்டர் விடவில்லை. அந்தக் கடைசி ஃபவுல் அவனுடையது அல்ல, பயிற்சியாளன் என்ற முறையில் எனக்கு நிச்சயம் என்று திரும்பவும் எழுதினார். என் பெயரை அவர் எழுதவில்லை. அதற்கும் பதில் வந்தது. அன்று அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நிற்கவைத்தபடியே அந்தக் கடிதத்தைக் கையில் தந்தார். இந்த ஆளுக்கு நிதானம் போதாது என்பதை அணியின் கேப்டனே தன்னிடம் உறுதிசெய்திருப்பதால், மேற்கொண்டு இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று துரை எழுதியிருந்தார்.

நான் வாசித்து முடித்தேன். மாஸ்டர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு இத நான் காட்டல்ல. காட்டவும் மாட்டேன்" என்றார். "நாளைக்கு நாலு மணிக்கு பிரக்டிஸ். போ."

அதற்குப் பிறகும் நான் கொழும்புக்குப் போய்த் துரையைப் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம்தான். போகவில்லை. தேர்வுக்குப் போனேன். தெரிவானேன். இரண்டு வருடம் நாட்டுச் சட்டை போட்டு ஆடினேன். மிளகுக் காலம் முடிந்ததும் வேலாயுதத்தை நிறுத்திவிட்டார்கள், அவன் தோட்டத்துக்கு ஏறிப் போனான். மனு தள்ளுபடியானது என்று பிறகு கேள்விப்பட்டேன். துரையின் கடிதம் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. எத்தனையோ பேருக்கு எல்லாக் கடிதமும் இருந்தும் கிடைக்கவில்லை. இந்தத் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் தூங்கியிருக்கிறேன்.

சில வருடம் கழித்து, அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போகிற நாள் குறித்தாயிற்று என்று ஸ்டோரில் வேலை செய்த ஒருவர் சொன்னார். காலை வண்டி. அன்று நான் இரண்டையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன், கையையும் சொல்லையும். பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனேன்.

மேடை முழுக்கத் தகரப் பெட்டிகள். தோட்டத்திலிருந்து வழியனுப்ப வந்தவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுத சத்தம் வெளிவீதி வரைக்கும் கேட்டது. சாவு வீட்டில்கூட அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. வேலாயுதத்தை உயரத்தைக் கொண்டு தூரத்திலேயே கண்டேன். மனைவி, இடுப்பில் ஒரு பிள்ளை. மாணிக்கத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மெலிந்த மனிதர், கோட் போட்டிருந்தார். நான் யாரென்று மகன் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்கள பத்தி இவன் பேசாத நாளில்ல. பேப்பர்ல ஒங்க படம் வந்தா லயம் பூரா கொண்டுபோய் காட்டுவான். ஒங்க புண்ணியத்துலதான் இவன் நாலு எடம் பாத்தான். நல்லா இருக்கணும் நீங்க" என்றார்.

நான் வேலாயுதத்தைத் தண்ணீர்ப் பைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"வேலா, அன்டைக்கு பைனல்ல அடிச்சது என்ட கை."

அவன் திடுக்கிடவில்லை. "தெரியுங்க நானா" என்றான். "பக்கத்துலதானே நின்னேன்."

"பின்ன ஏன்டா தூக்கின?"

"நீங்க தூக்குவீங்கன்னு ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தூக்கல. யாராச்சும் தூக்கணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே சங்கடமாகிவிட்டது. என்னைத் தேற்றத் தொடங்கினான். "அத மனசுல வச்சிக்காதீங்க. வெளயாட்டுல நடந்தது. ஒரு பவுலுக்காகவா தொர வேல குடுக்காம விட்டாரு? அவருக்கு என்னய புடிக்கல, அவ்வளவுதான். அதுக்கு நீங்க என்னா செய்வீங்க? எனக்காக நீங்க அவருகிட்ட பேசியிருப்பீங்க, அது எனக்கு தெரியும். பேசினீங்கதானே?"

மணி அடித்தார்கள். அவன் மனைவி பிள்ளையோடு ஏறிவிட்டாள், மாணிக்கம் ஜன்னலில் இருந்து மகனைக் கூப்பிட்டார். நான் சொல்ல வந்ததில் பாதி இன்னும் என் வாய்க்குள்தான் இருந்தது. வண்டி நகர நேரம் இருந்தது. இரண்டு சொல்லுக்குத் தாராளமாகப் போதுமான நேரம்.

"ஓ" என்றேன். "பேசினேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியில் ஏறி, ஜன்னலோரம் இருந்த அப்பாவிடம் குனிந்து, "நான் சொன்னேன்ல, நானா பேசியிருக்காருப்பா" என்றான்.